பரிந்துரைப்போர் இருவர்: அந்தக் கட்டத்தில் யார் பெயரை எழுதினீர்கள்?

முதல் பதிவு:
விண்ணப்பப் படிவத்தில் வரும் இந்தக் கட்டம் வீட்டின் முதல் பட்டதாரிகளுக்குத் தெரிந்ததுதான். 'உறவினர் அல்லாத, பொறுப்பான பதவியில் உள்ள இருவர்.' மதிப்பெண், சான்றிதழ் எண் எல்லாம் மளமளவென்று எழுதிவிட்டேன். இங்கே வந்ததும் பேனா நின்றுவிட்டது. என்னைத் தூக்கி வளர்த்த தெருவே இருக்கிறது. பதவியில் ஒருவரும் இல்லை. பக்கத்தில் என் தோழி, என்னைவிடக் குறைந்த மதிப்பெண், அம்மாவுக்கு போன் போட்டு, "வக்கீல் அங்கிள் பேரா, டாக்டர் அங்கிள் பேரா?" என்று கேட்டாள். அவள்மேல் கோபமில்லை. ஆனால் அந்தக் கேள்வி இன்னும் காதில் நிற்கிறது. உங்களுக்கும் இப்படி நடந்ததா?

பதில் 1:
படிப்பு மட்டும் போதாது, பெரிய மனிதர்களைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதுபோல் எழுதியிருக்கிறீர்கள், ஒத்துக்கொள்ள மாட்டேன். என் அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ராத்திரி பாடத்தைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். ஒரு வார்த்தையை விழுங்கினால் போதும், "அந்த இடத்தை மறுபடி படி" என்பார். என் குரல் தடுமாறுவதை வைத்தே பிடித்துவிடுவார். பெரிய மனிதர் யாரையும் தெரியாமலேதான் மேலே வந்தேன்.

பதில் 2:
மேலே எழுதியவருக்கு: உங்கள் அப்பாவை வணங்குகிறேன். ஆனால் அவரும் குடும்பப் பின்னணிதானே? அப்படி ஒருவர் வாய்க்காத பிள்ளை என்ன செய்யும்?

என் கதை சின்னது. கடைசி ஆண்டில் நல்ல நிறுவனத்தில் பயிற்சி கிடைத்தது, சம்பளம் கிடையாது. வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டியவன், விட்டுவிட்டேன். எனக்குப் பதிலாகப் போனவனை அங்கேயே வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள்.

பொருளாதார அறிஞர் ராஜ் செட்டியின் குழு அமெரிக்காவின் பேஸ்புக் நட்புகளை அலசி 2022-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஏழை வீட்டாருக்கு வசதியான நண்பர்கள் அதிகம் அமையும் பகுதிகளில் வளர்ந்த ஏழைப் பிள்ளைகள், பெரியவர்களானதும் கூடுதலாகச் சம்பாதிக்கிறார்கள். மேலே வருவதோடு மிக வலுவாகத் தொடர்புள்ள விஷயங்களில் இந்த நட்பும் ஒன்று. அந்த 'வக்கீல் அங்கிள்' சும்மா வந்தவர் இல்லை.

சரி, யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் இப்போது விண்ணப்பம் போடுகிறவர்களுக்காகச் சொல்கிறேன். பதவி என்றதும் அதிகாரியைத் தேடாதீர்கள். புராஜெக்டை வழிநடத்திய ஆசிரியர், நூலகர், பகுதிநேர வேலை கொடுத்தவர், எல்லோரும் பல இடங்களில் செல்லுபடியாவார்கள். பெயர் எழுதுமுன் நேரில் கேட்டுவிடுங்கள். என்ன வேலை, நீங்கள் என்னென்ன செய்திருக்கிறீர்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கையில் கொடுங்கள். முக்கியமாக, கடைசித் தேதிக்கு முந்தின நாள் போய் நிற்காதீர்கள். அவசரத்தில் எழுதித் தரும் நாலு வரி ஒன்றுக்கும் உதவாது.