ஸ்லட்ஜ் (பாக்டீரியாச் சேறு) படியவே மாட்டேன்கிறது, பாக்டீரியா பவுடர் வாங்கலாமா?

கப்பலூர்_ஆபரேட்டர்:
கப்பலூர் பக்கம் சின்ன கழிவுநீர் சுத்திகரிப்பு ஆலை, நாளைக்கு 200 கிலோலிட்டர். மிட்டாய் கம்பெனி, குளிர்பானம், ஒரு சாயப்பட்டறை எல்லாத் தண்ணீரும் ஒன்றாகத்தான் வரும், உள்ளே வரும்போது பிஓடி (பாக்டீரியா தின்னக்கூடிய அழுக்கின் அளவு) லிட்டருக்கு 1500 மி.கி. காற்று ஊதும் ஏரேஷன் டேங்க் தண்ணீரை லிட்டர் ஜாடியில் அரை மணி நேரம் வைத்தாலும் ஸ்லட்ஜ் 880 மில்லியிலேயே நிற்கிறது, எம்எல்எஸ்எஸ் (டேங்க் தண்ணீரில் மிதக்கும் ஸ்லட்ஜின் எடை) லிட்டருக்கு 3200 மி.கி. மணல் ஃபில்டர் அடிக்கடி அடைக்கிறது. கடைசியில் பிஓடி 25, ஆனால் சிஓடி (பாக்டீரியா தின்ன முடியாததும் சேர்ந்த அழுக்கு) 380. பவுடர் விற்கிறவர் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார். போடலாமா?

பழைய_கெமிஸ்ட்:
போடாதீங்க தம்பி, இது இரண்டு தனித்தனிப் பிரச்சினை. 880 மில்லியை 3.2 கிராமால் வகுத்தால் ஒரு கிராம் ஸ்லட்ஜுக்கு 275 மில்லி, 150-க்கு மேலே போனாலே நூல்நூலாக வளரும் பாக்டீரியா ஜாஸ்தியாகிவிட்டது என்று சந்தேகப்படணும். சிஓடி கதை வேறு. பிஓடி 25 வருதென்றால் தின்னக்கூடியதைப் பாக்டீரியா தின்று முடித்தாயிற்று, மிச்சம் பெரும்பாலும் சாயம்தான், எந்தப் பவுடரும் அதைத் தொடாது. டிஓ (டேங்க் தண்ணீரில் கரைந்த ஆக்ஸிஜன்) எவ்வளவு? வெளியே அமோனியா இருக்கா?

கப்பலூர்_ஆபரேட்டர்:
டிஓ 0.7 சார், மத்தியானம் இன்னும் குறையும். அமோனியா இல்லவே இல்லை.

சிலைமான்_ராஜா:
அங்கேதான் இருக்கு விஷயம், அமோனியா இல்லவே இல்லையென்றால் நைட்ரஜன் பத்தவில்லை என்று சந்தேகப்படணும். சர்க்கரைத் தண்ணீரை மட்டும் தின்று பாக்டீரியா வாழாது, 100 பிஓடிக்கு 5 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ் வேணும். உங்களுக்கு ஒரு நாளைக்கு 300 கிலோ பிஓடி, அப்படியென்றால் 15 கிலோ நைட்ரஜன், 3 கிலோ பாஸ்பரஸ். 15 கிலோ டிஏபியும் 27 கிலோ யூரியாவும் போட்டால் கணக்கு வந்துவிடும். வரும் தண்ணீரிலேயே கொஞ்சம் இருக்குமே, அதனால் பாதியில் ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்க, வெளியே அமோனியா லிட்டருக்கு 1 மி.கி. எட்டியதும் கூட்டுவதை நிறுத்திக்குங்க. காற்றுக் குமிழி விடும் டிஃப்யூசரையும் கழுவுங்க, டிஓ 2 வேணும், நம்ம ஊர் வெயிலில் தண்ணீரில் ஆக்ஸிஜன் நிற்பதே கம்மி.

பழைய_கெமிஸ்ட்:
சாயப்பட்டறையின் உப்புத் தண்ணீரைத் தனிக் குழாயில் பிரிங்க. உப்பு பாக்டீரியாச் சுத்திகரிப்பில் போகவே போகாது, திடீரென்று கூடினால் உள்ள பாக்டீரியாவும் செத்துக் கலங்கலாகும். அலசின தண்ணீர் மட்டும் வரட்டும், அதற்கும் முதலில் சுண்ணாம்பும் ஃபெரஸ் சல்ஃபேட்டும் போட்டு ஜாடியில் பாருங்க, நிறம் இறங்கினால் சிஓடியும் 250-க்குள் வர வாய்ப்பு இருக்கு.

கப்பலூர்_ஆபரேட்டர்:
யூரியாவும் டிஃப்யூசரும் இந்த வாரமே ஆரம்பிக்கிறேன். குழாய்க்குப் பட்டறைக்காரர் செலவு பண்ண மாட்டார், முதலாளியை விட்டுத்தான் பேச வைக்கணும்.