மறுமொழி: எஸ்பிரெசோ கையேடு: 'சேனலிங்' என்பதற்குப் 'புரையோட்டம்'

அன்புள்ள ஐயாவுக்கும் குழும நண்பர்களுக்கும் வணக்கம். எஸ்பிரெசோ காப்பி எந்திரத்தின் தமிழ்க் கையேட்டில் 'சேனலிங்' (channeling) என்ற கோளாற்றுக்கு, அதாவது அமுக்கிய காப்பித் தூளுக்குள் நீர் சீராகப் பரவாமல் ஒரு வழியைத் துளைத்துக்கொண்டு பாய்வதற்கு, 'புரையோட்டம்' என்ற சொல்லை முன்வைத்திருந்தேன். அதற்கு நீங்கள் எழுப்பிய மறுப்புகளுக்கு இது என் மறுமொழி.

> 'கால்வாயாக்கம்' என்றே வைத்துக்கொள்ளலாமே. மூலச்சொல்லுக்கு நேராக இருக்கிறது, படிப்பவருக்கும் விளங்கும்.

இதில் எனக்கு உடன்பாடில்லை, ஐயா. கால்வாய் நாம் வெட்டுவது. வேண்டிய இடத்துக்கு நீர் போய்ச் சேரட்டும் என்று வெட்டுவது. வீட்டு எஸ்பிரெசோ எந்திரத்தில் நடப்பது இதற்கு நேர்மாறு. போகக் கூடாத வழியை நீர் தானே துளைத்துக்கொண்டு போகிறது. கையேட்டில் 'கால்வாயாக்கம்' என்று போட்டால், அது தாம் செய்யவேண்டிய ஏதோ ஒரு வேலை என்றுதான் வாங்கியவர் நினைப்பார்.

நிகழ்வை ஒருமுறை சரியாகப் பார்த்துவிடுவோம். வடிகிண்ணத்தில் (தூளை இடும் துளையிட்ட கிண்ணம்) 18 கிராம் தூளை நிரப்பி அமுக்கியதும் அது ஒரு வில்லையாகிறது. (ஆங்கிலத்தில் 'பக்' எனப்படும் இதற்கு 'வில்லை' என்பதை முன்பே ஏற்றுக்கொண்டோம். அதைவிடப் பொருத்தமாக ஒன்று அமையாது.) 90 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெந்நீர், 9 பார் அழுத்தத்தில் அதன்மேல் இறங்குகிறது. வில்லை எங்கும் ஒரே நெருக்கமாக இருந்தால் நீரும் சீராக ஊடுருவி, 25 முதல் 30 நொடியில் கோப்பையில் 36 கிராம் இறங்கும். தூளில் கட்டி இருந்தாலோ, அமுக்கும்போது ஒருபக்கம் சாய்ந்தாலோ, கிண்ணத்தின் விளிம்போரம் இடைவெளி விழுந்தாலோ, அந்த இடத்தில் தடை குறைகிறது. நீர் அங்கே பாய்கிறது. பாயப் பாய வழி அகலமாகிறது, அகலமாக ஆக இன்னும் கூடுதலாகப் பாய்கிறது. வழியோரத் தூளிலிருந்து கசப்பும் துவர்ப்பும் வரை உருவப்படுகின்றன. மற்ற இடத்துத் தூளோ சாரம் முழுதும் இறங்காமல் புளிப்போடு நின்றுவிடுகிறது. ஒரே கோப்பையில் புளிப்பும் கசப்பும் சேர்ந்து வருவதற்கு இது முதன்மையான காரணம். கொட்டை சரியில்லை, வறுவல் சரியில்லை என்று புது எந்திரம் வாங்கியவர்கள் அலைவது இந்த இடத்தில்தான். கோளாறுக்கு ஒரு தெளிவான பெயர் கையில் இருந்தால் அந்த அலைச்சல் பாதி குறையும். இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் அதுதான்.

புண் புரையோடிவிட்டது என்கிறோம். மேலே ஆறியதுபோல் தெரியும், உள்ளே குழல்போல வழி ஓடியிருக்கும். புரை என்றால் துளை, உட்குழி. குற்றம் என்ற பொருளும் அதற்கு உண்டு. வில்லைக்குள் ஓடும் வழிக்கு இந்த மூன்றும் பொருந்துகின்றன. அது துளை, அது உள்ளே மறைந்திருக்கிறது, அது குறை. ஆகவே 'புரையோட்டம்'. வினையாகச் சொல்ல 'புரையோடு' ஏற்கெனவே இருக்கிறது.

> புரையோடுதல் என்றால் மெல்ல மெல்லச் சீரழிவது அல்லவா? சில நொடிகளில் நடப்பதற்கு ஒட்டுமா? குடிக்கும்போது 'புரை ஏறுவது' வேறு நினைவுக்கு வருகிறது.

முதல் ஐயம் நியாயமானது. ஊழல் புரையோடியது, பகை புரையோடியது என்று எழுதி எழுதி, ஆண்டுக்கணக்கில் நடப்பது என்ற எண்ணம் அந்தச் சொல்லில் படிந்துவிட்டது. ஆனால் சொல்லின் உறுப்புகளான புரை, ஓடு இரண்டிலும் காலம் இல்லை. துறைக்குள் வந்ததும் அந்த எண்ணம் உதிர்ந்துவிடும் என்றே நம்புகிறேன். புரை ஏறுவதைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை. 'ஏறு', 'ஓடு' என்ற வினைகளே இரண்டையும் பிரித்து நிறுத்திவிடுகின்றன.

எந்தக் கலைச்சொல்லையும் பயன்படுத்துவோர் வாயில் போட்டுப் பார்க்கவேண்டும். 'வில்லை புரையோடினால் அரைப்பைச் சற்றுப் பருமனாக்குங்கள்.' 'முன்நனைப்பு (முழு அழுத்தத்துக்கு முன் தூளை மெல்ல நனைப்பது) புரையோட்டத்தைக் குறைக்கும்.' 'இன்றைக்கு 15 நொடியிலேயே முழுதும் இறங்கிவிட்டது, புரையோடியிருக்கும்.' மூன்றும் இயல்பாக விழுகின்றன. 'வில்லை கால்வாயாக்கமடைந்தால்' என்று யாரும் பேசமாட்டார்கள்.

மேலே 'பருமனாக்குங்கள்' என்று எழுதியதற்குக் காரணம் உண்டு. நைசாக அரைத்தால் சாரம் கூடும் என்பதே பொதுவான நம்பிக்கை. ஓர் அளவுக்குமேல் அது எதிராகத் திரும்புகிறது. நைசான தூளில் நீர் எங்கும் சீராகப் புகாமல் பாய்ச்சல் ஒருபக்கமாகிவிடுவதை 2020-இல் 'மேட்டர்' ஆய்விதழில் வந்த கட்டுரை கணித மாதிரியாலும் சோதனையாலும் காட்டியது. ஆகவே கையேட்டில் புரையோட்டத்துக்கான தீர்வுகளை எழுதும்போது மெல்லிய கம்பியால் தூளைக் கலைத்துவிடுவது, மட்டமாக அமுக்குவது ஆகியவற்றோடு அரைப்பையும் கட்டாயம் சேர்க்கவேண்டும்.

இன்னொன்று. காப்பி இறங்கி முடிந்தபின் வில்லையைத் தட்டி எடுத்து, 'மேலே ஓட்டை தெரிகிறதே, அதுதான் புரை' என்று சொல்வது சரியாக இராது. மூவழி வால்வு (மிஞ்சிய அழுத்தத்தை வெளியேற்றும் திறப்பான்) உள்ள எந்திரங்களில், நிறுத்தியதும் அழுத்தம் மேல்நோக்கி வெளியேறும்போதே வில்லை கலையலாம், வெடிக்கலாம். அடிமூடியில்லாத வடிபிடியில் (வடிகிண்ணத்தின் அடிப்பக்கம் வெளியே தெரியும் கைப்பிடி) காப்பி இறங்கும்போது பார்ப்பதே நம்பத்தக்கது. ஓரிடத்திலிருந்து ஊசிபோல் பீய்ச்சியடித்தாலோ, ஒருபுறம் மட்டும் சீக்கிரமே வெளிறினாலோ, உள்ளே புரையோடியிருக்கிறது. வரையறையில் இந்த அடையாளங்களையும் எழுதிவிடலாம்.

'க்ரெமா' (எஸ்பிரெசோவின் மேல் படியும் நுரை), 'டாம்பர்' (தூளை அமுக்கும் கருவி) பற்றிக் கேட்டிருந்தீர்கள். க்ரெமா அப்படியே இருக்கட்டும், பெயர்ச்சொல் போல ஆகிவிட்டது. டாம்பருக்கு 'அமுக்கி' போதும். 'திமிசு' நல்ல சொல்தான், ஆனால் அது இடித்துக் கெட்டிப்படுத்துவது. இங்கே இடிக்கக் கூடாது.

வேதிப்பொறியியல் நண்பர்களிடம் ஒரு கேள்வி. துகள் நிரப்பிய கலங்களிலும், நீர் மென்மையாக்கும் பிசின் படுகைகளிலும் இதே கோளாறு வருகிறது, ஆங்கிலத்தில் பெயரும் இதேதான். அங்கே 'புரையோட்டம்' என்று எழுதினால் உங்களுக்கு எங்காவது இடறுகிறதா? இடறினால் எந்தச் சூழலில் என்று எழுதுங்கள். அதைப் பார்த்தபிறகே கலைச்சொல் பட்டியலில் சேர்க்கிறேன்.