புதுப்பிப்பு: சென்னை–மதுரை டாக்ஸி, ரவுண்ட் ட்ரிப்பா டிராப்பா?

போன பதிவில் ரவுண்ட் ட்ரிப்புக்கு (அதே வண்டி கூடவே இருந்து திரும்பக் கூட்டிவருவது; டிராப் என்றால் ஒருவழி மட்டும்) ஒரு நாளைக்குக் குறைந்தது 250 கி.மீ. பில் போடுவார்கள் என்று எழுதியிருந்தேன். "அப்போ எத்தனை நாள் தங்கினால் நஷ்டம்?" என்று பலர் கேட்டதற்கு இது பதில்.

போய்வர சுமார் 920 கி.மீ. மூன்று நாள் என்றால் மினிமம் 750தான்; ஓடிய தூரத்துக்கே பணம். நான்காவது நாள் மினிமம் 1000 ஆகிவிடும், ஓடாத 80 கி.மீ.க்கும் சேர்த்துக் கட்டணும். கி.மீ.க்கு ரவுண்ட் ட்ரிப் 13, டிராப் 14 ரூபாய் என்று வைத்தால், நான்கு நாளுக்கு 13,000. இரண்டு டிராப் 12,880. நாலு நாள் டிரைவர் பேட்டாவைச் (தினப்படி) சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். ஊருக்குள் சுற்ற வண்டி தேவையில்லை என்றால் டிராப்பே மேல்.

நாள் கணக்கு பல இடங்களில் 24 மணி நேரம் இல்லை, தேதிதான். இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள்! முன்பதிவிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். கி.மீ. உங்கள் வாசலிலிருந்தா, அவர்கள் ஷெட்டிலிருந்தா என்பதையும்.

டோலுக்கு ஃபாஸ்டேக் எஸ்எம்எஸ் பார்த்துக் கொடுங்கள். 24 மணி நேரத்துக்குள் திரும்பினால் இருவழிக்கும் சேர்த்து ஒன்றரை மடங்குதான், இரண்டு மடங்கு இல்லை.

சிஎன்ஜி செடானில் டிக்கியில் பாதி சிலிண்டர். பெரிய பெட்டி இரண்டு இருந்தால் கேரியர் உள்ள வண்டியாகக் கேளுங்கள். வெள்ளை போர்டு வண்டி (சொந்த உபயோகத்துக்குப் பதிவானது, டாக்ஸி இல்லை) வந்தால் ஏறாதீர்கள். விபத்து என்றால் இன்சூரன்ஸ் சிக்கல்.