மென்தோட்டா என்ற ஒரு சொல் போதுமா?

வணக்கம் நண்பர்களே,

வேட்டைத் துப்பாக்கிச் சொற்களுக்கான இந்த இழையில் நேற்று வந்த பரிந்துரை இது:

> பழைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் போட்டுச் சுடுவதற்கென்று மட்டாகச் செய்த தோட்டாவை "மென்தோட்டா" எனலாம். மென்பொருள் போல எளிதில் பழகிவிடும்.

சொல் நன்றாக இருக்கிறது, ஐயா. நாக்கில் தடங்கலின்றி வருகிறது. ஆனாலும் இதை அப்படியே ஏற்க எனக்கு மனம் வரவில்லை. மென்மை யாருக்கு? சுடுபவரின் தோளுக்கா, துப்பாக்கியின் குழலுக்கா? இரண்டும் ஒன்றுதான் என்று நம்பிப் பழைய துப்பாக்கியைக் கெடுத்துக்கொள்பவர்கள் உண்டு. நாம் வைக்கும் சொல் அந்த நம்பிக்கைக்குத் துணைபோகக் கூடாது.

தோளில் விழும் உதை, குழலை விட்டு வெளியேறுவதன் எடையையும் வேகத்தையும் பொறுத்தது. 28 கிராம் ரவை (தோட்டாவுக்குள் இடும் சிறு உலோகக் குண்டுகள்) நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் போனால் அதன் உந்தம் (கிலோகிராமில் எடை × வேகம்) 11.2. அதையே 24 கிராமாக்கி, வேகத்தையும் 365 மீட்டராகக் குறைத்தால் 8.8க்குச் சற்றுக் கீழே வந்துவிடும். எரிந்த வெடிமருந்தின் பங்கைச் சேர்க்காமலே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. தோளுக்கு இது உடனே தெரியும்.

குழலுக்குள் எழும் உச்ச அழுத்தம் வேறு கணக்கு. மருந்து எவ்வளவு விரைவாக எரிகிறது, அது எரிந்து முடிவதற்குள் ரவை எவ்வளவு தூரம் நகர்ந்து இடம் கொடுக்கிறது, மருந்துக்கும் ரவைக்கும் நடுவே வைத்த தக்கை எது, தோட்டாக் கூட்டின் வாயை எப்படி மடித்திருக்கிறார்கள் என்று எல்லாமே அதில் சேரும். அதே 24 கிராம் ரவையை அதே வேகத்தில் அனுப்ப, மெதுவாக எரியும் மருந்துக்குச் சதுர அங்குலத்துக்கு 7,000 பவுண்டு அழுத்தம் போதும். விரைவாக எரியும் மருந்தில் அது 10,000ஐத் தாண்டலாம். தோளுக்கு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். பெட்டியில் 24 கிராம் என்று பார்த்ததும் "இது மென்தோட்டா" என்று எடுத்துப் போட்டால், மெல்லிய சுவருள்ள நூறாண்டுக் குழல்தான் அதன் விலையைக் கொடுக்கும்.

சரி, அழுத்தத்தை மட்டும் பார்த்தால் போதுமா என்றால், அதுவும் போதாது. பழைய துப்பாக்கிகளைப் பழுதுபார்க்கும் ஒருவர் ஒருமுறை எனக்கு ஒரு கட்டையை, அதாவது தோளில் வைக்கும் மரப் பகுதியை, காட்டினார். இரும்புப் பகுதி வந்து உட்காரும் இடத்தில் மயிரிழை போல ஒரு வெடிப்பு, கைப்பிடி வரை ஓடியிருந்தது. துப்பாக்கிக்குச் சொந்தக்காரர் கவனமானவர்தான், அழுத்தம் குறைந்த தோட்டாக்களையே தேடி வாங்கியிருக்கிறார். ஆனால் அவற்றில் ரவை 32 கிராம். குழலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எண்ணெய் ஊறி வலுவிழந்திருந்த பழைய மரம்தான் உதையைத் தாங்கவில்லை. "குழலைக் காப்பாற்றிக் கட்டையைக் கொன்றுவிட்டார்" என்றார் அவர். அந்த வெடிப்பைப் பார்த்த அன்றே, இதற்கு ஒரு சொல் போதாது என்று எனக்குப் பட்டது.

துப்பாக்கியில் அடித்திருக்கும் சோதனை முத்திரைகளும் இதையேதான் காட்டுகின்றன. லண்டனிலும், 1813இல் தொடங்கிய பர்மிங்காம் சோதனைச் சாலையிலும் குழல்களைச் சோதித்து முத்திரை இடுவார்கள். 1954க்கு முந்தைய பல 12 போர் (bore, குழல் விட்டத்தின் அளவு) துப்பாக்கிகளில் 1⅛ அவுன்ஸ் என்று ரவையின் எடை இருக்கும். 1954இல் வந்த புதிய விதிகளுக்குப் பிறகோ சதுர அங்குலத்துக்கு 3 டன் என்று அழுத்தத்தையே பொறித்தார்கள். முன்னது எடையைச் சொல்கிறது, பின்னது அழுத்தத்தை. முத்திரை போட்டவர்களே பிரித்துச் சொல்லத் தொடங்கிய ஒன்றைத் தமிழில் நாம் மறுபடி ஒரே பையில் போட்டுக் கட்ட வேண்டுமா?

ஆகவே என் பரிந்துரை இரண்டு சொற்கள். தோளுக்கும் கட்டைக்கும் இதமானது மெல்லுதைத் தோட்டா. மெல், உதை இரண்டும் சேர்ந்து மெல்லுதை. துப்பாக்கி உதைக்கிறது என்றுதான் சுடுபவர்கள் எப்போதும் சொல்கிறார்கள், பின்னியக்கம் என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. பாடநூலில் அது இருக்கட்டும், தோட்டாப் பெட்டிக்கு உதையே போதும். குழலுக்கு இதமானது தாழ் அழுத்தத் தோட்டா. "குறையழுத்தம்" என்று இன்னொரு நண்பர் எழுதியிருந்தார். குறை என்றதும் குறைபாடு என்ற பொருள் முன்னால் வந்து நிற்கிறது, தோட்டாவே பழுதோ என்று ஒருவர் ஐயப்படலாம். மின்சாரத்தில் உயர் மின்னழுத்தம், தாழ் மின்னழுத்தம் என்று ஏற்கெனவே பழகிவிட்ட இணை இருக்கிறது, அதையே பின்பற்றலாம். சேர்த்து எழுதினால் ழகரம் இரண்டு அடுத்தடுத்து வந்து இடறும் என்பதால் பிரித்தே எழுதுவோம்.

மென்தோட்டாவைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. மெல்லுதை, தாழ் அழுத்தம் இரண்டும் ஒருங்கே அமைந்த தோட்டாவுக்கு மட்டும் அதை ஒதுக்கி வைக்கலாம். பழைய துப்பாக்கிக்கு உண்மையில் வேண்டியதும் அதுதானே. ஆனால் அந்த வரையறையைச் சொல்லுக்கான பதிவிலேயே எழுதிவிட வேண்டும். இல்லையென்றால் ஈயம் மென்மையானது என்பதால் ஈயத் தோட்டா எல்லாம் மென்தோட்டா என்று எடுத்துக்கொள்ளவும் இடமுண்டு.

> லோடு என்பதைச் சுமை என்று பெயர்த்து "இளஞ்சுமை" என்றால் என்ன?

சுமை வேண்டாம் என்பது என் கருத்து. தூக்கிச் செல்வதுதான் சுமை. இங்கே பேசுவது கூட்டுக்குள் இட்ட மருந்தும் ரவையும். ரவையின் எடையை மட்டும் சொல்லும்போது ரவை எடை என்றே சொல்லிவிடலாம். ஆங்கிலேயத் துப்பாக்கித் தயாரிப்பாளர் கிரீனர் வழியாகப் பரவிய 96 விதி இதற்கு நல்ல பயிற்சி: துப்பாக்கியின் எடை, ரவை எடையைப் போல 96 மடங்காவது இருக்க வேண்டும். 6 பவுண்டுத் துப்பாக்கி என்றால் 96 அவுன்ஸ், ஆக ரவை எடை 1 அவுன்ஸ், அதாவது 28 கிராம். கவனியுங்கள், இது முழுக்க உதையைப் பற்றிய விதி. அழுத்தத்தைப் பற்றி இதில் ஒரு சொல்லும் இல்லை. இதை "மென்தோட்டா விதி" என்று யாராவது எழுதிவிட்டால் மறுபடி அதே குழப்பம்.

வேட்டைக்கு இவ்வளவு குறைந்த ரவை போதுமா என்று கேட்டவருக்கு: பிரிட்டிஷ் அளவில் 6ஆம் எண் ஈய ரவை ஒரு அவுன்ஸில் 270 இருக்கும், 24 கிராமில் 230 வரை. உருண்டை ரவை எவ்வளவு வேகமாகக் கிளம்புகிறதோ அவ்வளவு விரைவாகக் காற்றில் வேகத்தை இழக்கும். எனவே கூடுதல் உதை கொடுத்து வாங்கிய வேகத்தில் பறவையிடம் போய்ச் சேருவது கொஞ்சம்தான். தூரத்தை அடக்கி, ரவை விரிவைத் தாளில் சுட்டுப் பார்த்துக்கொண்டால் போதும்.

நீளத்தைப் பற்றியும் பதிவில் ஒரு குறிப்பு வேண்டும், ஏனெனில் சொல்லே இங்கே ஏமாற்றுகிறது. பெட்டியில் 70 மி.மீ. என்று போட்டிருப்பது சுட்ட பின் வாய் விரிந்த கூட்டின் நீளம். மடித்த நிலையில் அது குட்டையாக இருப்பதால் 65 மி.மீ. அறைக்குள் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) எந்தத் தடையுமின்றிப் போய் உட்காரும். சுட்டதும் கூட்டின் வாய் முன்னால் குழல் ஒடுங்கும் கூம்புக்குள் விரிந்து வழியைக் குறுக்கும், அழுத்தம் ஏறும். "உள்ளே போகிறது, அதனால் பொருந்துகிறது" என்பது இங்கே செல்லாது. அதனால் வெறும் "தோட்டா நீளம்" வேண்டாம், "விரிநீளம்" என்று எழுதலாம்.

ரவை என்ற சொல்லைப் பற்றி ஈழத்து நண்பர்கள் சொன்னது சரிதான், அங்கே முழுத் தோட்டாவையும் ரவை என்பார்கள். ஈயரவை, எஃகுரவை, பிஸ்மத்ரவை என்று பொருளின் பெயரோடு சேர்த்து எழுதினால் குழப்பம் வராது. எஃகு ஈயத்தைவிட மிகக் கடினம். மெல்லிய பழைய குழலுக்கும் இறுக்கமான குழல் வாய்க்கும் அது ஆகாது. அந்த எச்சரிக்கையும் அதே பதிவில் வரட்டும். ஈயம் கூடாத இடத்தில் பழைய துப்பாக்கிக்காரர்கள் பிஸ்மத்தைத்தான் நாடுகிறார்கள். அறையையும் குழற்சுவரின் கனத்தையும் தெரிந்தவர் அளந்து பார்க்காமல் எந்தத் தோட்டாவும் போடக் கூடாது என்பதையும் முதல் வரியிலேயே சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

அறைக்கு முன்னால் குழல் ஒடுங்கும் அந்தக் கூம்புக்கு இப்போதைக்கு "ஒடுங்குகூம்பு" என்று குறித்து வைத்திருக்கிறேன். இதைவிடப் பொருத்தமான சொல் இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்கிறேன்.

அன்புடன்.