பொங்கலுக்கு அடித்த பெயின்ற் சித்திரைக்கு முன் உரிந்த கதை

கிளிநொச்சியில் இருந்து:

தை பிறக்க முன் வீட்டுக்குப் பெயின்ற் அடிக்கப் போவதாக இரண்டு மூன்று பேர் எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். என் கதையைக் கேட்டுவிட்டு வாளியைத் திறவுங்கள்.

எங்களுடையது இந்திய வீட்டுத் திட்டத்தில் 2013இல் கட்டிய வீடு. 550,000 ரூபா கட்டங்கட்டமாக வந்தது, கட்டுவித்தது நாங்கள். கூரை ஏறும்போதே கை கடித்துவிட்டதால் பெயின்ற் மூன்று வருடம் கழித்துத்தான். அதுவும் மார்கழிக் கடைசியில், பொங்கலுக்கு வீடு பளிச்சென்று இருக்க வேண்டுமே என்று. இளம் மஞ்சள். பொங்கலன்று வந்தவர்கள் சுவரைத்தான் பார்த்தார்கள், எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

பங்குனி முடிய முன்னரே முன் அறைச் சுவரில் முழங்கால் உயரத்துக்குக் கொப்புளம். நகத்தால் தட்டினால் அப்பளம் போல உடைந்து விழும், உள்ளே மா மாதிரி வெள்ளைத் தூள். பூஞ்சணம் என்று நினைத்து ஈரத் துணியால் துடைத்தேன். அன்றைக்கு மறைந்துவிடும். நாலு நாளில் இன்னும் சற்று மேலே ஏறி நிற்கும். ஒரு மாதம் இப்படியே மல்லுக்கட்டிவிட்டு அதன் மேலேயே இன்னொரு தடவை பெயின்ற் அடித்தேன். அதுவும் உரிந்தது, பூச்சையும் சேர்த்துக்கொண்டு.

பிறகு வந்த மேசன் ஐயா தூளைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தார். “பிள்ளை, இது உப்பு. சுவர் ஏற்கெனவே தண்ணி குடிச்சிருக்கு, நீயும் துணியால இன்னும் குடிக்கக் குடுக்கிறாய்” என்றார். மாரி முழுக்கச் சுவர் அடியால் ஈரத்தை உறிஞ்சுமாம். வெயில் வந்ததும் அந்த ஈரம் மணலிலும் சீமெந்திலும் உள்ள உப்பைக் கரைத்துக்கொண்டு வெளியே வரப் பார்க்கும். அது வரும் வாசலை நான் பெயின்றால் சாத்திவிட்டேன். அத்திவாரத்துக்கு மேல் ஈரம் ஏறாமல் போடும் தார்ப் படையையும் மிச்சம் பிடிக்கப் போய் விட்டிருந்தோம். வெட்கம்தான், என்றாலும் சொல்ல வேண்டும்.

உரிந்ததைச் சுரண்டி, தண்ணீர் காட்டாமல் காய்ந்த தும்புத் தூரிகையால் உப்பைத் தட்டிக் கூட்டி அள்ளினோம். வெளியே சுவரோரம் குவிந்திருந்த மண்ணை வெட்டி எடுத்து, கூரைத் தண்ணீர் அடியில் விழாமல் பீலி போட்டோம். ஆவணி வரை சுவர் அப்படியே கிடந்தது. கதிரைகளை முன்னால் இழுத்து மறைத்து வைத்தேன். சோளகக் காற்று அடித்துக் காய்ந்த பிறகு அடித்த பெயின்ற் இன்றுவரை நிற்கிறது. ஒரு மூலை மட்டும் ஒவ்வொரு தையிலும் கொஞ்சம் பூக்கும், தட்டிவிடுவேன்.

முள்ளியவளையில் இருந்து:

அக்கா சொன்னது சரி. நான் பெயின்ற் வேலை செய்கிறவன். எங்கள் பக்கம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு அடிப்பவர்கள்தான் அதிகம். அது வைகாசியில் வருவதால் தப்பினோம். தைப்பொங்கலுக்குக் கூப்பிடும் வீட்டுக்கு ஒரு துண்டுப் பொலித்தீனோடு போவேன். நாலு பக்கமும் ரேப் போட்டுச் சுவரில் ஒட்டி ஒரு நாள் விடுவது. சுவர்ப் பக்கம் வியர்த்திருந்தால் வேலை இல்லை. வருமானம் போகிறதே என்று மனம் அடிக்கும். உரிந்தால் பெயர் கெடுவது எனக்குத்தானே.

கழுவுகிறவர்களுக்கும் ஒன்று. எமல்சன் தொட்டால் காய்ந்த மாதிரித்தான் இருக்கும், உள்ளே இறுக ஒரு மாதமாவது வேண்டும். அதற்கு முன் தண்ணீர் வேண்டாம். கிரவல் வீதியோர வீடுகளில் செம்புழுதியைக் காய்ந்தபடியே தட்டுங்கள், ஈரத் துணி பட்டால் சேறு. பிறகு ஒரு வாளித் தண்ணீருக்குக் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், நன்றாகப் பிழிந்த ஸ்பொஞ்ச், கீழிருந்து மேலே. மேலிருந்து தொடங்கினால் ஒழுகும் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும், அதை எடுக்கப் பட்ட பாடு எனக்குத் தெரியும். கடைசியில் வெறும் தண்ணீரால் ஒரு துடை. மினுக்கம் இல்லாத பெயின்றை அழுத்தித் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மினுங்கி, தேய்த்தது யார் என்று காட்டிக்கொடுக்கும்.

கண்டாவளையில் இருந்து:

2018 மார்கழி வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். வடிந்த அன்றே, சேறு காய முன், சுவரைக் கழுவிவிட்டோம். பக்கத்து வீட்டார் ஒரு கிழமை கழித்து வந்தார்கள். அவர்கள் சுவரில் வெள்ளம் நின்ற கோடு இப்போதும் மங்கலாகத் தெரியும்.

எங்களுக்கு வந்த வில்லங்கம் வேறு. அலுமாரிக்குப் பின்னால் கறுப்புக் கறுப்பாய்ப் பூஞ்சணம். சலவைக்குப் போடும் பிளீச் ஒரு பங்கு, தண்ணீர் மூன்று பங்கு கலந்து பூசி, கால் மணி நேரம் விட்டுக் கழுவினால் போகும். அம்மா நன்றாகப் போகட்டும் என்று மலசலகூடம் கழுவும் அசிட்டையும் அதற்குள் ஊற்றிவிட்டார். எழும்பிய புகையில் மூச்சு அடைத்து எல்லாரும் முற்றத்துக்கு ஓடினோம். அது குளோரின் வாயு, விளையாட்டில்லை. இப்போது அலுமாரியைச் சுவரில் இருந்து ஒரு சாண் தள்ளித்தான் வைக்கிறோம்.

வவுனியாவில் இருந்து:

சாமி அறையில் விளக்குக் கரி படிந்தால் ஈரத்தால் தொடாதீர்கள், அப்பிக்கொள்ளும். நான் முதல்நாள் பாணின் உள்பஞ்சைப் பிய்த்து ஒற்றி ஒற்றி எடுத்தேன். கரி பாணோடு வந்துவிட்டது. சாப்பாட்டால் சுவர் துடைக்கிறாளே என்று அம்மம்மாவிடம் வாங்கிக்கட்டியது தனி.

கிளிநொச்சியில் இருந்து:

முள்ளியவளைத் தம்பி, அந்தப் பூக்கும் மூலையில் இன்றைக்குப் பொலித்தீன் ஒட்டியிருக்கிறேன். இவர் வந்து போகும்போதெல்லாம் அதை ஒருக்கால் தூக்கிப் பார்க்கிறார். ரேப் நாளை வரை நின்றால் சொல்கிறேன்.