கட்சியை விடவும் முடியவில்லை, வேட்பாளரை ஏற்கவும் முடியவில்லை: பிரெஞ்சு அதிபர் தேர்தல் அனுபவங்கள்

சொல்தா மகள், புதுச்சேரி

2017 ஏப்ரல் 23 அன்று வாக்குச்சாவடியில் பார்த்தது இன்னும் மனத்தை அரிக்கிறது. அப்பா பிரெஞ்சு இராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா (சிப்பாய்), பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர். முன்னாள் அதிபர் தெ கோல் வழிவந்த வலதுசாரிக் கட்சியைத் தவிர வேறு எதற்கும் அவர் வாக்களித்ததில்லை. அதிபர் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க 2016 நவம்பரில் நடந்த கட்சியின் முன்தேர்தலில் நான்தான் கணினி முன் உட்கார்ந்து, இரண்டு யூரோ கட்டி, அவர் சொன்னபடி முன்னாள் பிரதமர் ஃபியோனுக்கு வாக்களிக்க உதவினேன். "தெ கோல் மீது குற்றப்பதிவு (விசாரணை நீதிபதி முறைப்படி குற்றம் சாட்டுவது) என்று யாராவது நினைத்தாவது பார்க்க முடியுமா?" என்று, முன்தேர்தலில் எதிர்த்து நின்ற முன்னாள் அதிபர் சார்கோசியைக் குத்தி ஃபியோன் கேட்டிருந்தார் அல்லவா, அந்தக் கேள்விக்காகவே அப்பா அவரைத் தேர்ந்தெடுத்தார். பிறகு, ஃபியோனின் மனைவி பெனலோப் செய்யாத வேலைக்கு நாடாளுமன்றப் பணத்தில் சம்பளம் வாங்கினார் என்ற விவகாரம் வெடித்தது. மார்ச்சில் அதே குற்றப்பதிவு ஃபியோன் மீதே வந்தது. மனிதர் விலகவில்லை.

பிரெஞ்சுத் தேர்தலில் விரும்பும் வேட்பாளரின் பெயர்ச் சீட்டை உறையில் போட்டுப் பெட்டியில் இட வேண்டும். மேசையில் பதினொரு வேட்பாளர்களின் சீட்டுகளும் அடுக்கடுக்காக இருந்தன. அப்பா ஃபியோன் சீட்டைக் கையில் எடுத்தார். பெயரைப் படித்தார். திரும்ப அடுக்கின் மேலேயே வைத்து, விரலால் ஓரத்தைத் தட்டிச் சரிசெய்தார். வேறு சீட்டு எதையும் தொடாமல், வெறும் உறையோடு திரைக்குப் பின்னால் போனார். வீடு வந்து சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை.

லா கூர்நெவ் வாசி

சகோதரி, உங்கள் அப்பாவின் மனவருத்தம் புரிகிறது. ஆனால் வெற்று உறை யாருக்கு உதவியது? முதல் சுற்றில் தீவிர வலதுசாரி மரீன் லெ பென் 21.30 விழுக்காடு, ஃபியோன் 20.01. இடைவெளி ஒன்றேகால் விழுக்காடு சொச்சம். கோபித்துக்கொண்டு ஒதுங்கிய நம்மவர்கள்தான் முதல் இருவர் மட்டும் மோதும் இரண்டாம் சுற்றுக்கு லெ பென்னை அனுப்பினார்கள்.

நான் இங்கே பாரிஸ் புறநகர்ச் சந்தையில் ஃபியோனின் துண்டறிக்கை கொடுத்துக்கொண்டிருந்தேன். "பணத்தைத் திருப்பிக் கொடு" என்று கத்திக்கொண்டு போனவர்களை என்னால் பொறுத்துக்கொள்ள முடிந்தது. உணவகத்தில் கோப்பை கழுவும் யாழ்ப்பாணத்து அண்ணர் ஒருவர் நின்று, துண்டறிக்கையை முழுவதும் படித்துவிட்டு, "தம்பி, என் மனைவிக்கும் வீட்டில் இருந்தபடியே சம்பளம் கிடைக்க உங்கள் தலைவர் வழி செய்வாரா?" என்று கேட்டார். கேலியாகக் கேட்கவில்லை, கோபமும் இல்லை. கழுவிக் கழுவித் தோல் உரிந்த விரல்களால் அந்தத் தாளை நாலாக மடித்து என்னிடமே திருப்பிக் கொடுத்தார்.

முத்தியால்பேட்டை

வாக்காளர் மேல் பழி போடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். குற்றப்பதிவு வந்தால் போட்டியிட மாட்டேன் என்று ஜனவரி 26 அன்று தொலைக்காட்சியில் சொன்னவர் ஃபியோன்தானே? சொன்ன சொல்லைக் காற்றில் பறக்கவிட்டது அவர். மாற்று வேட்பாளராக எல்லோரும் எதிர்பார்த்த முன்னாள் பிரதமர் அலன் ஜூப்பேயும் மார்ச் 6 அன்று கைவிரித்துவிட்டார். நம்மவர்கள் வேறு யாரிடம் போவார்கள்?

என் அனுபவம் 2022-இல். அந்த முறை நம் கட்சி வேட்பாளரான வலெரி பெக்ரெஸ் 4.78 விழுக்காடுதான் வாங்கினார். ஐந்து விழுக்காட்டை எட்டாததால் பிரசாரச் செலவில் பெரும்பகுதி அரசிடமிருந்து திரும்பக் கிடைக்காது என்றாகிவிட்டது. தன் பெயரில் மட்டும் ஐம்பது லட்சம் யூரோ கடன் இருக்கிறது, உதவுங்கள் என்று மறுநாளே வேண்டுகோள் விடுத்தார். மாமா என்னைக் கூப்பிட்டு, வங்கி அட்டையை நீட்டி, "பத்து யூரோ அனுப்பிவிடு" என்றார். "நீங்கள் மக்ரோனுக்குத்தானே போட்டீர்கள்?" என்று கேட்டேன். "அந்த அம்மாள் சரியில்லை, அதனால் போடவில்லை. அதற்காக அதிபர் ஷிராக் இருந்த கட்சி கடன்காரியாகத் தெருவில் நிற்பதா?" என்றார். குரல் உடைந்துவிட்டது. அட்டை எண்ணை எனக்குப் படித்துக்காட்டக்கூட அவரால் முடியவில்லை.

காரைக்கால்

எங்கள் வீட்டிலும் 2022-இல் இதே சண்டைதான். அண்ணன் தீவிர வலதுசாரி செமூருக்கு, நான் பெக்ரெஸுக்கு, அம்மா யாருக்குமில்லை.

அதை விடுங்கள். இங்கே எழுதியவர்களின் பெரியவர்களுக்கு வயதாகிறது, அதனால் ஒன்று சொல்கிறேன். சாவடிக்குப் போக முடியாதவர்கள் வேறொருவரைத் தம் சார்பில் வாக்களிக்க நியமிக்கலாம். பொதுவாக அடையாள அட்டையோடு பிரெஞ்சுத் துணைத்தூதரகத்துக்கு நேரில் போக வேண்டியிருக்கும். கடைசி வாரம்வரை காத்திருக்காதீர்கள். 2022 முதல் வேறு ஊர்ப் பட்டியலில் உள்ளவரையும் நியமிக்கலாம். ஆனால் அவர் உங்கள் சாவடிக்கே வந்துதான் வாக்களிக்க வேண்டும், பாரிஸில் இருக்கும் மகனை நியமித்துவிட்டு அவன் அங்கேயே போடுவான் என்று நினைக்காதீர்கள். யாருக்குப் போட வேண்டும் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள், பிறகு அவர் மனச்சாட்சிதான். வெற்று உறையை 2014 சட்டத்துக்குப் பிறகு தனியாக எண்ணி அறிவிக்கிறார்கள். ஆனாலும் செல்லுபடியான வாக்குகளில் அது சேராது. பெரியவர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

சொல்தா மகள், புதுச்சேரி

அப்பாவுக்கு அது தெரியும், காரைக்கால் நண்பரே. தெரிந்தேதான் செய்தார். லா கூர்நெவ் சகோதரரே, அந்த அண்ணருக்கு நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?

லா கூர்நெவ் வாசி

பதில் சொல்லவில்லை. மீதித் துண்டறிக்கைகளைக் கட்சி அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன், அதன்பிறகு பிரசாரத்துக்குப் போகவில்லை. வாக்கை மட்டும் ஃபியோனுக்கே போட்டேன். இரண்டாம் சுற்றில் மக்ரோனுக்கு. தோற்ற இரவே ஃபியோனும் அப்படித்தான் கேட்டுக்கொண்டார். 2020-இல் நீதிமன்றம் அவரைக் குற்றவாளி என்றபோது எனக்கு அந்த அண்ணரின் நினைவுதான் வந்தது.