வேறு நாட்டுச் சீருடையில் நம்மவர்கள்: பார்த்ததும் பழகியதும்

ஈரோட்டுக்காரன்:

வேறு நாட்டு ராணுவத்தில் சேர்ந்த நம்மவர்களைப் பற்றி மேலே எழுதியவர்களில் பாதிப் பேர் “காசுக்காகப் போனவர்கள்” என்கிறீர்கள், மீதிப் பேர் “வீரம்” என்கிறீர்கள். எனக்கு நெருக்கமாகத் தெரிந்த இருவருக்கும் இரண்டுமே பொருந்தாது. இருவரும் அமெரிக்க ராணுவத்துக்குக் கையெழுத்துப் போட்டவர்கள். ஒருவர் உள்ளே போனார், இன்னொருவன் வாசலிலேயே நின்றுவிட்டான். இத்தனைக்கும் ஓட்டத்திலும் படிப்பிலும் வாசலில் நின்றவன்தான் கெட்டி.

கிரீன் கார்டு இல்லாமல் அமெரிக்க ராணுவத்தில் எப்படிச் சேர முடியும் என்று ஒருவர் கேட்டிருந்தார். சாதாரணமாகச் சேர முடியாதுதான். குடிமகனாகவோ கிரீன் கார்டு உள்ளவராகவோ இருக்க வேண்டும். ஆனால் 2008 கடைசியில் மாவ்னி என்ற திட்டத்துக்கு அமெரிக்கப் பாதுகாப்புத் துறை ஒப்புதல் கொடுத்து, 2009இல் ஆள் எடுக்கத் தொடங்கியது. மாணவர் விசா, வேலைக்கான ஹெச்1பி மாதிரியான விசாக்களில் குறைந்தது 2 ஆண்டு சட்டப்படி அங்கே இருந்தவர்கள் விண்ணப்பிக்க முடிந்தது. டாக்டர், நர்ஸ் போன்ற மருத்துவத் துறையினரை எடுத்தார்கள், இல்லையென்றால் ராணுவத்துக்கு வேண்டிய மொழி தெரிந்தவர்களை. அந்த மொழிப் பட்டியலில் தமிழ் இருந்தது. மலையாளமும் சிங்களமும் நேபாளியும் கூட இருந்தன. நுழைவுத் தேர்வில் மற்றவர்களுக்கு 31 போதுமாக இருந்தது, இவர்களுக்கு 50 வர வேண்டியிருந்தது. பதிலுக்கு, அடிப்படைப் பயிற்சி முடியும்போதே குடியுரிமை. நடுவில் கிரீன் கார்டு என்ற படியே கிடையாது.

இந்தியாவில் பிறந்தவர்களுக்கு வேலை வழியாகக் கிரீன் கார்டு கிடைப்பது எப்பேர்ப்பட்ட வரிசை என்று இங்கே பலருக்கு நான் சொல்லவே வேண்டாம். ஆண்டுக்குக் கொடுப்பதில் எந்த நாட்டுக்கும் 7 விழுக்காட்டுக்கு மேல் இல்லை என்று உச்சவரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரிசையில் தலை நரைக்கக் காத்திருப்பவர்கள் நடுவே, பத்து வாரப் பயிற்சியோடு குடியுரிமையே கிடைக்கும் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் காது நீளாது?

உள்ளே போனவர் எனக்குக் கல்லூரி சீனியர், திருநெல்வேலிக்காரர். டெக்சாஸில் ஒரே ஃப்ளாட்டில் இருந்தோம். அவருக்கு மொழித் தேர்வு தொலைபேசியில் நடந்தது. குக்கர் விசில் அடித்துத் தொலைத்துவிடுமோ என்று அடுப்பை அணைத்துவிட்டு, நாங்கள் எல்லாரும் வாய் மூடி உட்கார்ந்திருந்தோம். எதிர்முனையில் ஓர் அம்மா நல்ல தமிழில் பேசினார். உங்கள் ஊரில் பஸ்ஸை விட்டு இறங்கினால் வீட்டுக்கு எப்படிப் போவது, வழி சொல்லுங்கள் என்றார். அண்ணன் ஜங்ஷனில் இறங்கி, சுலோச்சன முதலியார் பாலத்தைத் தாண்டி, வண்ணார்பேட்டை வழியாகப் பாளையங்கோட்டைக்கு அந்த அம்மாவைக் கூட்டிப் போனார். அடுத்து, ஆற்று மணல் அள்ளுவதைப் பற்றி உங்கள் கருத்து என்ன என்று கேட்டார். போச்சு. தாமிரபரணியைத் தொட்டால் அண்ணன் சும்மா இருப்பாரா? தேர்வு என்பதையே மறந்து கத்த ஆரம்பித்துவிட்டார். ஆனால் பாஸ். அமெரிக்க ராணுவத்துக்குத் தாமிரபரணி மணலால் என்ன பயன் என்று இன்றுவரை எங்களுக்கு விளங்கவில்லை.

பயிற்சி, தென் கரோலினாவில் உள்ள ஃபோர்ட் ஜாக்ஸனில். அங்கே அவருக்குக் கஷ்டமாக இருந்தது ஓட்டமும் இல்லை, துப்பாக்கியும் இல்லை, சட்டையில் தைத்த பெயர்ப்பட்டை. நம் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர்தானே லாஸ்ட் நேம்? ராணுவத்தில் எல்லாரையும் லாஸ்ட் நேமில்தான் கூப்பிடுவார்கள். அவர் அப்பா ஊரில் தலைமையாசிரியராக இருந்து ரிட்டையர் ஆனவர். தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாருக்கும் “சார்வாள்”. அந்தப் பெயரை டிரில் சார்ஜென்ட் விடிகாலையில் மூக்குக்கு நேரே நின்று, பாதி எழுத்தை முழுங்கி, கூடவே நாலு கெட்ட வார்த்தை சேர்த்துக் கத்துவார். “திட்டு எனக்குத்தான், ஆனா வாங்குறது எங்கப்பாடா” என்று அண்ணன் சொல்லிச் சிரிப்பார். வீட்டில் இதைச் சொல்லவே இல்லை.

பயிற்சி முடிகிற வாரத்திலேயே கையை உயர்த்தி உறுதிமொழி எடுத்து அமெரிக்கர் ஆனார். எம்.எஸ். முடித்தவருக்குக் கிடைத்த வேலை ராணுவ லாரி ஓட்டுவது. அவரோடு சேர்ந்த இன்னொரு பட்டதாரி சமையல் பிரிவுக்குப் போனாராம். அண்ணனுக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

வருத்தம் வேறு பக்கத்திலிருந்து வந்தது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கிய நிமிஷமே இந்தியக் குடியுரிமை போய்விடும், அது எல்லாருக்கும் தெரியும். அதனால் என்ன, வேறு நாட்டுக் குடிமக்களான இந்திய வம்சாவளியினருக்கு நம் அரசு தரும் ஓசிஐ அட்டையை வாங்கிக்கொண்டால் வாழ்நாள் முழுக்க ஊருக்கு வந்து போகலாமே என்று இருந்தார். வேறு நாட்டு ராணுவத்தில் இருப்பவர்களுக்கும் இருந்து ஓய்வு பெற்றவர்களுக்கும் ஓசிஐ கிடையாது என்பது நம் அரசு விதி. பலர் கையெழுத்துப் போட்ட பிறகுதான் இதைப் படிக்கிறார்கள். தங்கை கல்யாணத்துக்கு, வெள்ளைக்காரன் சுற்றுலா வருவது போல விசா எடுத்துக்கொண்டு வந்தார். மண்டபத்தில் ஒரு பெரியப்பா, “ஏலே, நாளைக்கு நமக்கும் அவனுக்கும் சண்டை வந்தா நீ எந்தப் பக்கம் நிப்ப?” என்று எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டார். அண்ணன், “லாரி எந்தப் பக்கம் நிக்கிதோ அந்தப் பக்கம்” என்று சொல்லிச் சமாளித்தார். எனக்கு அந்தக் கேள்வி அசிங்கமாகப் படவில்லை. கேட்கவேண்டிய கேள்விதான், கல்யாண மண்டபத்தில் கேட்டிருக்க வேண்டாம்.

இப்போது வாசலில் நின்றவன். என் ரூம்மேட், மதுரைப் பையன். 2016 கோடையில் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டான். பயிற்சிக்குத் தேதி வரும் வரை காத்திருப்போர் பட்டியலில் வைப்பார்கள். அந்த 2016 செப்டம்பர் 30இல் விதி மாறியது. இனி ஒவ்வொருவருக்கும் உளவுத் துறை அளவிலான பின்னணி விசாரணை, அது முடிந்தால்தான் பயிற்சி என்றார்கள். புதிதாக ஆள் எடுப்பதும் அதோடு நின்றது. அதற்குள் திட்டத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டுவிட்டுக் காத்திருந்த ஆயிரக்கணக்கானவர்கள் அந்தரத்தில் நின்றார்கள்.

அந்தரம் என்றால், மாணவர் விசா முடிகிறது, கல்லூரியும் முடிந்துவிட்டது, ராணுவம் கூப்பிடவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. விசாரணையில் ஊரில் யார் யார் இருக்கிறார்கள், யாருக்குப் பணம் அனுப்புகிறாய், அப்பா அம்மாவோடு எத்தனை முறை பேசுவாய் என்றெல்லாம் கேட்டார்கள். வெளிநாட்டில் நெருங்கிய சொந்தம் இருப்பதே சந்தேகத்துக்கு இடம் என்பது போல. வெளிநாட்டவரை வெளிநாட்டு மொழிக்காக எடுத்துவிட்டு, உனக்கு ஏன் வெளிநாட்டில் அப்பா அம்மா என்று கேட்டால் அவன் என்ன செய்வான்? பலர் வழக்குப் போட்டார்கள். இந்தத் திட்டத்தை வடிவமைத்தவர்களில் முக்கியமானவரான மார்கரெட் ஸ்டாக், ஓய்வு பெற்ற ராணுவ அதிகாரி, குடியேற்ற வழக்கறிஞர், அவரே இவர்களுக்காக வெளிப்படையாகப் பேசினார். 2018 ஜூலையில் காரணம் சொல்லாமலே பலரை ராணுவம் நீக்குவது செய்தியில் வந்தது. அதை நிறுத்திவைத்த செய்தி அடுத்த மாதம் வந்தது.

என் ரூம்மேட் அத்தனை நாளும் விடிகாலை எழுந்து உடற்தகுதித் தேர்வுக்குரிய இரண்டு மைலை ஓடிக்கொண்டிருந்தான். தேதி எப்போது வந்தாலும் தயாராக இருக்க வேண்டுமாம். கடைசியில் கனடாவுக்கு விண்ணப்பித்துப் போய்விட்டான். இப்போது நல்லா இருக்கான், ஆனால் இந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுவான்.

அதனால்தான் சொல்கிறேன், போனவன் நல்லவனா கெட்டவனா என்று கேட்பதை விட, கூப்பிட்டவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினானா என்று கேளுங்கள்.

முத்தியால்பேட்டை:

ஈரோட்டுக்காரருக்கு நன்றி. எங்கள் பாண்டிச்சேரிக் கணக்கு இதற்கு நேர் எதிர். எங்கள் தாத்தா வேறு நாட்டு ராணுவத்துக்குப் போகவில்லை. அவர் படையில் சேர்ந்த பிறகு நாடுதான் வேறாகிவிட்டது.

பாண்டிச்சேரி, காரைக்கால் ஆட்கள் நிறையப் பேர் பிரெஞ்சுப் படையில் சேர்ந்து இந்தோசீனாவுக்கும் (வியட்நாம் பக்கம்) பிறகு அல்ஜீரியாவுக்கும் போனார்கள். இங்கே அவர்களுக்கு “சொல்தா” (பிரெஞ்சில் சிப்பாய்) என்றுதான் பெயர். தாத்தா சைகோனில் இருந்தபோது, 1954 நவம்பர் 1ஆம் தேதி, பாண்டிச்சேரி நிர்வாகம் இந்தியா கைக்கு வந்தது. ஒப்பந்தம் 1956இல் கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16இல்தான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து ஆறு மாதத்துக்குள் பிரெஞ்சுக் குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்தால் பிரெஞ்சுக்காரர், சும்மா இருந்தால் இந்தியர். சுமார் 5,000 பேர் எழுதிக் கொடுத்தார்கள். தாத்தா எழுதிக் கொடுத்தார், சொந்தத் தம்பி கொடுக்கவில்லை. ஒரே வீட்டில், ஒரே திண்ணையில், அண்ணன் பிரெஞ்சு, தம்பி இந்தியர்.

அதன் பலன் அடுத்த தலைமுறையில்தான் தெரிந்தது. எங்கள் பக்கம் பென்ஷன் பிரான்ஸிலிருந்து வந்தது. சித்தப்பாக்கள் அங்கே கட்டாய ராணுவச் சேவைக்குப் போய் அப்படியே தங்கிவிட்டார்கள். சின்னத் தாத்தா வீட்டில் மில் வேலை, கூட்டுறவுக் கடன். கல்யாணச் சந்தையில் “நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளை”க்கு இருந்த விலையை எழுதினால் இங்கே சண்டை வரும், விடுங்கள்.

தாத்தா பென்ஷனுக்காக, உயிரோடு இருக்கிறேன் என்று சான்றிதழ் கொடுக்க வேண்டும். நேரில் போய் உட்கார்ந்திருப்பவரிடமே “இருக்கிறீர்களா?” என்று காகிதம் கேட்பார்கள். அவருக்கு அதில் கோபமே வராது, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். ஜூலை 14 வந்தால் கடற்கரைச் சாலைப் போர் நினைவிடத்தில் அந்த வெயிலில் கோட்டு, டை, நெஞ்சில் மெடல். ஆகஸ்ட் 15க்கு வீட்டு மாடியில் மூவண்ணக் கொடியும் அவர்தான் ஏற்றுவார். எந்தப் பக்கம் என்று அவரை யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் முதலில் எந்த வருஷம் என்று சொல் என்றிருப்பார்.

செங்காங் வாசி:

வேறு நாட்டுச் சீருடை என்றால் நேபாளத்துக் கூர்க்காக்களும் உண்டு. சிங்கப்பூரில் அவர்கள் ராணுவம் இல்லை, போலீஸ் படையின் ஒரு பிரிவு, 1949இலிருந்து. மவுன்ட் வெர்னனில் முகாம். என்னோடு பள்ளியில் ஒரு கூர்க்காவின் மகள் படித்தாள். சிங்லீஷ் எங்களை விட நன்றாகப் பேசுவாள், தேசிய தினப் பாட்டெல்லாம் மனப்பாடம். அப்பாவுக்கு ஓய்வு வந்ததும் குடும்பத்தோடு நேபாளம் திரும்பியாக வேண்டும், இங்கே தங்க அனுமதி இல்லை. அவளுக்கு நேபாளி எழுதக்கூடத் திணறல். ஒப்பந்தத்தை மீறினார்கள் என்று சொல்ல முடியாது, ஆரம்பத்திலேயே சொன்னதுதான். ஆனால் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டது அப்பா, போனது அவள்.

பிரிட்டன் கதை வேறு. அங்கே ஓய்வு பெற்ற கூர்க்காக்கள் போராடி, 2009இல் பழையவர்களுக்கும் குடியேறும் உரிமை வாங்கினார்கள்.

பட்டுக்கோட்டை:

எல்லாரும் ஒழுங்கான ஒப்பந்தத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்குத் தெரிந்த ஒரு பையனிடம் ஏஜென்ட், ரஷ்யாவில் “ஹெல்ப்பர் வேலை, கிச்சன், சண்டை எல்லாம் கிடையாது” என்றான். ஒப்பந்தம் முழுக்க ரஷ்ய மொழியில். பையனின் அக்கா விவரமானவர், மொழிபெயர்த்துக் கொடு என்று பிடிவாதம் பிடித்ததில் ஏஜென்ட் போனை எடுப்பதையே நிறுத்திவிட்டான். இவன் தப்பித்தான். 2025 ஜனவரியில் நம் வெளியுறவுத் துறை சொன்ன கணக்குப்படி ரஷ்யப் படையில் சிக்கிய இந்தியர்கள் 126 பேர், அதில் 12 பேர் இறந்தவர்கள், 16 பேர் காணவில்லை.

முத்தியால்பேட்டை:

@ஈரோட்டுக்காரன், ஒரு சந்தேகம். தெரிந்த பையன் லண்டனில் படிக்கிறான், பிரிட்டிஷ் ராணுவத்துக்கு விண்ணப்பிக்கலாமா என்கிறான்.

ஈரோட்டுக்காரன்:

இந்தியா உட்படக் காமன்வெல்த் நாட்டுக் குடிமக்களை அவர்கள் எடுக்கிறார்கள், ஃபிஜிக்காரர்கள் நிறைய. அங்கே 5 ஆண்டு வசித்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையை 2018இல் தளர்த்தினார்கள். 6 ஆண்டு சேவை முடித்தவர்களுக்கு நிரந்தரக் குடியிருப்புக் கட்டணத்தை 2022இல் தள்ளுபடி செய்தார்கள், ஆனால் மனைவி மக்களுக்கு அப்போது தள்ளுபடி இல்லை. இப்போது விதி என்ன என்பதை ஆள் எடுக்கும் அலுவலகத்தில் எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள், வாய்ச்சொல் வேண்டாம். அப்புறம், ஓசிஐ விஷயத்தை வீட்டில் இப்போதே சொல்லிவிடச் சொல்லுங்கள். தங்கை இருந்தால் முக்கியமாக.